பொறியும் அதன் மேற் பெயரும்

ஒரு பொருளைச் செய்தவன் பெயர் அப்பொருளுக்கே ஆகி வருவதைக் கருத்தாவாகுபெயர் என்பர் தமிழிலக்கண நூலார். வள்ளுவர் இயற்றிய நூலைக் கற்றவனை ‘வள்ளுவரைப் படித்தவன்’ என்பது போல, கல்முனைப் பகுதி உழவர் ‘பேர்குசன் பிடித்து உழுதோம்’ என்பர். இவ்வழக்கின் அடியில் ஒரு நம்பிக்கை கிடக்கின்றது. பொருளைச் செய்த கருத்தா ஒருவன் உளன் என்பதும், அதன் மேற் பொறித்துள்ள பெயர் அவன் பெயரே என்பதும் அந்நம்பிக்கையாம். வயலிலும் வீதியிலும் ஓடும் இயந்திரங்களின் வரலாற்றை ஆராயுமிடத்து இந்நம்பிக்கை பெரிதும் தளர்கின்றது. ஒருவர் வரைந்ததை இன்னொருவர் செய்தனர். அவர் செய்ததை மூன்றாமவர் தம் பெயரால் விற்றனர். விற்றவர் மறைந்த பின்னும் பெயர் மட்டும் நிலைத்து, பிறர் செய்த பொருளுக்குச் சென்று சேர்ந்தது. மறதியால் நேர்ந்த பிழையன்று இது. யுத்தமும் வாணிபமும் அரசுகளின் தீர்வைக் கொள்கையும் சேர்ந்து உண்டாக்கிய நிலையேயாகும்.

அம்பாறைக் கரையோரத்தின் நில அமைப்பை முதலில் நோக்குதல் வேண்டும். 1961 ஆம் ஆண்டு வரை மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாயிருந்த இந்நிலம், பண்டு கரைவாகுப் பற்று, சம்மாந்துறைப் பற்று, நிந்தவூர்ப் பற்று, அக்கரைப் பற்று முதலாகப் பகுக்கப்பட்டிருந்தது. கிழக்கே கடல், மேற்கே வயல், இடையே ஒடுங்கிய மணற்றிடரில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை என ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன. குடியிருப்பு மணலில், சீவனம் சேற்றில். வீட்டிலிருந்து புறப்படும் உழவன் தார் வீதியையும், வாய்க்காற் கரையையும், முழங்காலளவு சேற்றையும் ஒரே நாளிற் கடக்க வேண்டியவனாவான். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பயனாக இங்கினியாகலையில் அணை எழுந்து, பாசனப் பரப்பு விரிந்த பின்னர், எருமை கொண்டு சேறு மிதித்தலும் மாடு கட்டிச் சூடு மிதித்தலும் அவ்விரிவுக்கு ஈடுகொடுக்க இயலாவாயின. எந்நிலத்துஞ் செல்லும் ஊர்தி ஒன்று வேண்டப்பட்டது. உத்தியோகத்தருக்கு அது ஜீப்பாகவும் லாண்ட் றோவராகவும், உழவருக்கு உழவு இயந்திரமாகவும் வந்து சேர்ந்தது.

இவற்றுள் ஜீப்பின் பிறப்பே பெயர்க் குழப்பத்தோடு தொடங்குகின்றது. 1940 ஆம் ஆண்டில் அமெரிக்கப் படை ஓர் இலேசான நாற்சக்கர உந்து வண்டியைக் கோரியபோது, குறித்த தவணைக்குள் மாதிரி வண்டியைச் செய்து செப்டெம்பர் மாதத்தில் ஒப்படைத்தது பென்சில்வேனியாவிலிருந்த பாண்டம் என்னுஞ் சிறு கம்பனியாகும். ஆயினும் அக்கம்பனிக்குப் பேரளவில் உற்பத்தி செய்யும் வலிமை இல்லையெனக் கருதிய படைத்துறை, பாண்டம் வண்டியின் வரைபடங்களை வில்லிஸ், போர்ட் என்னும் இரு கம்பனிகளுக்கும் காட்டிற்று. 1941 இல் வில்லிஸ் அமைப்பே தெரிவு செய்யப்பட்டது. ஒரு கம்பனியால் மட்டும் படையின் தேவையை நிறைவேற்ற இயலாதென்பது தெரிந்தவுடன் போர்ட் கம்பனியும் அதே வண்டியைச் செய்யுமாறு பணிக்கப்பட்டது. பாண்டம் செய்தவை மூவாயிரத்துக்கும் குறைவானவை; பின்னர் அது இழுவைப் பெட்டிகள் செய்யும் வேலைக்குத் தள்ளப்பட்டது. வில்லிஸ் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளையும், போர்ட் ஏறத்தாழ 2,80,000 வண்டிகளையும் யுத்தம் முடியும் வரையிற் செய்தன.

போர்ட் செய்த வண்டிக்கு ‘ஜி.பி.டபிள்யூ.’ என்பது குறியீடு. அதன் ஈற்றெழுத்து வில்லிசைக் குறிப்பது. தன் போட்டியாளன் பெயரின் முதலெழுத்தைத் தன் வண்டியின் குறியீட்டிலே சுமந்து நின்றது உலகின் மிகப் பெரிய மோட்டார்க் கம்பனிகளுள் ஒன்று! எஞ்சினும் வில்லிசின் அமைப்பே. போர்க்களத்திலே ஒரு வண்டியின் உறுப்பைக் கழற்றி மற்றொன்றிற் பூட்டல் வேண்டும் என்பது படையின் கட்டளையாதலின், இரு கம்பனிகளின் உறுப்புக்களும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு அமைந்தன. தொடக்கத்தில் இரு கம்பனிகளும் தத்தம் பெயரை வண்டியின் பின்தகட்டிற் பெரிய எழுத்தாற் பொறித்தன. படை வண்டி கம்பனிகளின் விளம்பரப் பலகையன்று எனக் கண்ட அரசு 1942 இல் அதனை நிறுத்திற்று. பெயர் போயிற்று, போர்ட் கம்பனியோ தான் செய்த உறுப்புக்களிலே, சிறு ஆணிகளின் தலையிலுங்கூட, தன் பெயரின் முதலெழுத்தைப் பொறித்து வைத்தது. உறுப்பொன்று பழுதுற்றால் அது எவர் வேலை என அறிய அவ்வெழுத்துப் பயன்பட்டது. பின்தகட்டுப் பெயர் வாங்குவோர் கண்ணுக்கானது. ஆணித்தலை எழுத்துப் பொறுப்புக்கானது. இவ்விரண்டையும் வேறு பிரித்து உணர்தல் மேல் வருவனவற்றை விளங்குதற்கு இன்றியமையாதது.

யுத்தத்தின் பின் ‘ஜீப்பை ஆக்கியோர் யாமே’ என வில்லிஸ் விளம்பரஞ் செய்தது. அமெரிக்க வாணிப ஆணைக்குழு விசாரித்து, 1948 இல் அவ்வாறு கூறலாகாதெனத் தீர்த்தது. ஆயினும் 1950 இல் ‘ஜீப்’ என்னுஞ் சொல் வில்லிசின் பதிவு பெற்ற வாணிக முத்திரையாயிற்று. ஆக்கியவர் அல்லர் எனத் தீர்க்கப்பட்டவரே பெயருக்கு உரியவராயினர். கருத்தாவாதல் ஒன்று, பெயருக்கு உடையவனாதல் வேறொன்று என்பதற்கு இதனினுந் தெளிவான சான்று கிடைத்தலரிது.

இந்தியாவில் அவ்வண்டியைப் பூட்டத் தொடங்கிய கம்பனியின் பெயரும் ஒரு மாற்றத்துக்கு உட்பட்டதே. 1945 இல் மகிந்திரா சகோதரர் இருவரும் குலாம் முகம்மது என்பாரும் சேர்ந்து ‘மகிந்திரா அன்ட் முகம்மது’ என்னும் பெயரால் அக்கம்பனியைத் தொடங்கினர். 1947 இற் பிரிவினை நிகழ்ந்தது. குலாம் முகம்மது பாக்கித்தானுக்குச் சென்று அந்நாட்டின் முதல் நிதி அமைச்சராகவும், 1951 முதல் மகாதேசாதிபதியாகவும் விளங்கினார். 1948 இற் கம்பனி ‘மகிந்திரா அன்ட் மகிந்திரா’ எனப் பெயர் மாறிற்று. முகம்மது என்பதன் இடத்தில் மற்றொரு மகிந்திரா அமர்ந்தமையால் முதலெழுத்துக்கள் மாறவில்லை. தொழிலும் மாறவில்லை. பம்பாயிலே 1947 முதல் வில்லிஸ் ஜீப்பின் உதிரிகள் இறக்கிப் பூட்டப்பட்டன. நாளடைவில் உறுப்புக்கள் அங்கேயே செய்யப்பட்டன. ஈற்றில் வில்லிஸ் என்னும் பெயர் வழக்கொழிய மகிந்திராவே எஞ்சிற்று.

யப்பானில் மிட்சுபிசி 1953 முதல் அதே ஜீப்பை உரிமம் பெற்றுச் செய்தது. கொரியக் கிளையின் வரலாறு இன்னும் வியப்பானது. 1974 இல் சின்சின் என்னுங் கம்பனி, ஜீப்புக்கு அப்போது உடைமையாளராயிருந்த அமெரிக்கன் மோட்டார்ஸ் கம்பனியோடு கூட்டுச் சேர்ந்து அவ்வண்டியைக் கொரியாவிற் செய்தது. அத்தொழில் கைமாறிக் கைமாறி, 1980 களின் பிற்கூற்றிற் சங்யோங் என்னும் பெயரை அடைந்தது. அச்சங்யோங் செய்த றெக்ஸ்டன், கைரோன் என்பனவே இலங்கையிற் பூட்டப்பட்டு ‘மைக்ரோ’ என்னும் உள்நாட்டுப் பெயரோடு வீதிக்கு வந்தன. 2011 இற் சங்யோங்கின் பெரும் பங்கு மகிந்திராவின் கைக்குச் சென்றது. 2018 இல் இந்தியாவில் அதே றெக்ஸ்டன் ‘மகிந்திரா அல்டுராஸ்’ ஆயிற்று. ஒரே வில்லிஸ் குடியிற் பிறந்து இரு நாடுகளில் வளர்ந்த கிளைகள் இரண்டு, அறுபது ஆண்டுகளின் பின் ஒன்றையொன்று விலைக்கு வாங்கி உறவு கொண்டன. கல்முனை வீதியில் மைக்ரோவும் மகிந்திராவும் எதிரெதிரே செல்லுமாயின், பங்காளிகள் இருவர் ஒருவரையொருவர் அறியாது கடந்து போதலை ஒக்கும்.

லாண்ட் றோவர் பற்றி அதிகங் கூற வேண்டியதில்லை. 1948 இல் வெளிவந்த அவ்வண்டியின் முதல் மாதிரியே ஒரு ஜீப்பின் உறுப்புக்களைக் கொண்டு அமைக்கப்பட்டது. பின்னர் ஸ்பானியாவிற் சந்தானா என்னுங் கம்பனி அதனை உரிமம் பெற்றுச் செய்தது. உரிமத் தொடர்பு நீங்கிய பின் தன் பெயரையே பொறித்தது.

உழவு இயந்திரத்தின் வரலாறே இப்பிரதேசத்துக்கு மிக அணுக்கமானது. அயர்லாந்தினரான ஹரி பேர்குசன், கலப்பையை இயந்திரத்தின் பின்னே சங்கிலியால் இழுத்துச் செல்லும் முறையை விடுத்து, மூன்று புள்ளிகளிற் கலப்பையைப் பிணைத்து, எண்ணெய் அழுத்தத்தால் உயர்த்தியும் தாழ்த்தியும் ஆளும் முறையை நிறைவேற்றினார். கலப்பை மண்ணில் இறுகுந்தோறும் அவ்விசை பின்சக்கரங்களை நிலத்தோடு அழுத்துமாதலின், பாரங் குறைந்த இயந்திரமும் வழுக்காது உழ வல்லதாயிற்று. 1938 இல் அமெரிக்கா சென்று ஹென்றி போர்டுக்கு இதனைச் செய்து காட்டினார். எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை, இருவரும் கைகுலுக்கிக் கொண்டனர், அவ்வளவே. 1939 முதற் போர்ட் தொழிற்சாலையிற் செய்யப்பட்ட இயந்திரங்கள் போர்ட் பெயரோடு ‘பேர்குசன் முறை’ என்னுந் தகட்டையுந் தாங்கி, மூன்று இலட்சத்துக்கு மேல் வெளிவந்தன.

போர்டின் பேரன் நிருவாகத்தை ஏற்றதும் கைகுலுக்கல் காற்றிற் போயிற்று. 1947 இற் பேர்குசன் நீங்கலாகப் போர்ட் புதிய இயந்திரத்தை வெளியிட்டது; ஆனால் மும்முனைப் பிணைப்பு அதிலும் இருந்தது. பேர்குசன் 25 கோடி டொலருக்கு வழக்குத் தொடுத்தார். 1952 இல் 92.5 இலட்சம் டொலரோடு வழக்கு இணக்கமாக முடிந்தது. கேட்டதிலே சிறு பங்கே கிடைத்ததெனினும், கண்டுபிடித்தவன் உரிமை ஒப்புக்கொள்ளப்பட்டது என்பதே அதன் பயன். பாண்டம் கம்பனிக்கு அவ்வளவேனுங் கிட்டவில்லை.

வழக்கு நடந்த காலத்திலேயே பேர்குசன் இங்கிலாந்திற் கொவென்றி நகரிலே ஸ்ராண்டர்ட் மோட்டார்க் கம்பனியோடு இணங்கிக்கொண்டார். யுத்த காலத்தில் அரசு கட்டிய தொழிற்சாலை ஒன்றில், 1946 முதல் 1956 வரை, ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட சாம்பல் நிற உழவு இயந்திரங்களை ஸ்ராண்டர்ட் கம்பனி செய்தது. ஆயினும் உலகம் அவற்றைப் பேர்குசன் என்றே அறியும். தொடக்கத்தில் எஞ்சின் அமெரிக்கக் கொண்டினென்ரல் கம்பனியுடையது. பின்னர் ஸ்ராண்டர்டின் சொந்த எஞ்சின். அதன் உறவுடைய எஞ்சினே வான்காட் என்னும் மோட்டார் வண்டியையும் ஓட்டிற்று. கனவான்கள் பயணஞ் செய்த காரின் நெஞ்சும் உழவன் சேற்றில் ஓட்டிய இயந்திரத்தின் நெஞ்சும் ஒரே குடும்பத்தனவாயிருந்தமை அக்காலத்தார் பலர் அறியாத செய்தி.

1953 இற் பேர்குசன் கம்பனி கனடாவின் மாசி-ஹரிசோடு இணைந்தது. இணைந்த பின்னும் சிவப்பு மாசிக்கு ஒரு விற்பனைக் கூட்டமும் சாம்பற் பேர்குசனுக்கு வேறொரு கூட்டமும் இருந்தமையால், வட அமெரிக்காவிலே ஒரே இயந்திரத்துக்கு இரு மேற்போர்வை செய்து, மாசி-ஹரிஸ் 50 என்றும் பேர்குசன் 40 என்றும் விற்றனர். ஊரிலே ஒரே குடும்பத்தார் இரு கடை வைத்து ஒன்றோடொன்று போட்டியிடுவதாகக் காட்டுதல் போன்றதே இது. அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1957 இன் இறுதியில் ‘மாசி பேர்குசன்’ என்னும் ஒரு பெயரே கொள்ளப்பட்டது. அக்காலத்து 35 என்னும் இயந்திரத்தில் முதலில் வைத்த ஸ்ராண்டர்ட் டீசல் எஞ்சின் குளிர் நாடுகளிற் காலையிற் கிளம்ப மறுத்தது. கல்முனை வெய்யிலில் அக்குறை அவ்வளவு தோன்றியிராது. பின்னர் மூன்று உருளையுடைய பேர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் அவ்விடத்தைப் பெற்றது. 1959 இற் பேர்க்கின்ஸ் கம்பனியையே மாசி பேர்குசன் வாங்கிற்று. 1964 இறுதியில் வந்த 135 இன் புகழ் பெரும்பாலும் இந்த எஞ்சினின் புகழே.

1960 இற் சென்னையில் ‘டாபே’ எனச் சுருங்க வழங்கும் கம்பனி மாசி பேர்குசனின் துணையோடு நிறுவப்பட்டது. அதே குழுமத்தைச் சேர்ந்த சிம்சன் கம்பனி பேர்க்கின்ஸ் உரிமத்தோடு எஞ்சின்களைச் செய்தது. 1840 இற் குதிரை வண்டி கட்டத் தொடங்கிய கம்பனி அது என்பது இங்கு நினைக்கத்தக்கது. இவ்வாறாக ஐரிஷ்காரர் ஒருவரின் எண்ணம், டிற்றோயிற்றிலும் கொவென்றியிலும் உருப்பெற்று, பீற்றர்பரோ நகரத்து எஞ்சினோடு கூடி, சென்னைத் தொழிலாளர் கையாற் செய்யப்பட்டு, பாக்கு நீரிணையைக் கடந்து சம்மாந்துறை வயலில் இறங்கிற்று. அதனை ‘மாசி’ என ஒரு சொல்லால் அழைத்தல் வசதியாயிருக்கலாம்; கருத்தா யார் எனக் கேட்பின் ஒரு பெயரால் விடை கூற முடியாது.

விற்போர் பெயர் மாற்றியதைப் போலவே கொள்வோரும் பெயர் மாற்றியதுண்டு. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பகுதியில் ‘லாண்ட்மாஸ்டர்’ என்னுங் கம்பனி இரு சக்கர உழவு இயந்திரங்களைச் செய்தது. இலங்கையில் அப்பெயர் வேரூன்றிய பின்னர், யப்பானின் குபோட்டாவும் சீனத்து இயந்திரங்களும் வந்து வயலை நிரப்பின. இருந்தும் ஊரார் எல்லாவற்றையும் லாண்ட்மாஸ்டர் என்றே அழைத்தனர், இன்றும் அழைக்கின்றனர். குபோட்டா தன் பெயரைத் தெளிவாகப் பொறித்திருந்தும் அதனை வாசித்தறிந்த உழவன் வாயில் வந்தது பிறன் பெயரே. கருத்தாவாகுபெயராய்ப் பிறந்தது காலப்போக்கிற் பொதுப்பெயராய்விட்டது. இதற்கு மறுதலையாகத் திட்டமிட்டுப் பெயரிடப்பட்டது ‘பட்டா’. 2005 இல் இந்தியாவில் டாட்டா கம்பனி வெளியிட்ட ஏஸ் என்னுஞ் சிறு லொறி, இலங்கையில் ‘டிமோ பட்டா’ என விற்கப்பட்டது. டிமோ என்பது 1939 இல் தோன்றிய இலங்கைக் கம்பனி. பட்டா என்பது சிறியவனைச் செல்லமாகக் குறிக்குஞ் சிங்களச் சொல். தமிழருக்கோ பட்டா என்றதும் காணி உறுதியே நினைவுக்கு வரும். எனினும் மீனும் நெல்லும் மரக்கறியும் ஏற்றிச் செல்லும் அவ்வண்டியைக் கல்முனைச் சந்தையில் ஏஸ் என அழைப்பாரைக் காண்டலரிது.

இவ்வாறு பெயர் மாற்றி விற்றல் வஞ்சனையோ எனச் சிலர் வினவக்கூடும். மருதமுனைக் கைத்தறிப் புடைவையைக் கொழும்புக் கடைக்காரன் தன் கடையின் பையில் இட்டு விற்பானாயின் அதனை எவரும் வஞ்சனை என்னார். புடைவை நல்லதாயிருப்பதும், குறை கண்டவிடத்து விற்றவன் பொறுப்பேற்பதும் போதும். இயந்திரத்துக்கு இவ்விரண்டன் மேல் மூன்றாவதொன்று வேண்டும். இருபது ஆண்டின் பின் ஓர் உறுப்புத் தேய்ந்தால் அதற்குப் பதிலுறுப்பு எங்கே கிடைக்கும் என அறிதலே அது. புடைவை தேய்ந்தால் எறியலாம். பெரும்போக விதைப்புக்கு முன் நின்றுபோன இயந்திரத்தை எறிதல் இயலாது. விதைப்புக் காலம் ஒருவர்க்காகக் காத்திராது. வாய்க்கால் நீர் திறக்கும் நாளும் அவ்வாறே. ஆதலின் மேற்பெயர் உள்ளுறுப்பின் பிறப்பை மறைக்குமாயின், அம்மறைப்பின் விலையை இறுப்பவன் உழவனேயாவான். ஒரே உறுப்பு ஒரு பெயரோடு ஒரு விலைக்கும், மற்றொரு பெயரோடு பன்மடங்கு விலைக்கும் விற்கப்படுதல் உதிரிப்பாக வாணிபம் அறிந்தோர்க்குப் புதிதன்று.

2020 மார்ச்சில் அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இலங்கையில் மோட்டார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அத்தடை 2025 பெப்ரவரியிலேதான் நீங்கிற்று. 2022 இல் நாணயப் பெறுமதி வீழ்ந்து உறுப்புக்களின் விலையும் உயர்ந்தது. புதியன வாங்க வழியில்லாத அக்காலத்திற் பழையனவற்றை ஓட வைத்தல் ஒன்றே மார்க்கம். அதற்கு உதவுவது, ஊரார் ‘பாஸ்’ என்றழைக்குந் திருத்துநர் கைவழியாகக் கற்ற அறிவே. பெயர்த் தகட்டை அவர்கள் பொருட்படுத்துவதில்லை. எஞ்சினில் வார்த்த எண்ணையும், உருளையின் விட்டத்தையும், ஆணியின் புரியையும் நோக்கி, இது எந்தக் குடியிற் பிறந்தது எனக் கூறுவர். சென்னையிற் செய்த உறுப்புக்கள் பல கொவென்றியிற் செய்த பழைய இயந்திரத்துக்குப் பொருந்தும். எல்லாம் பொருந்துமெனக் கொள்வதும் தவறே. உரிமம் பெற்றவர் காலப்போக்கில் அளவையும் உலோகத்தையும் மாற்றியதுண்டு. எண்ணெய்ப் பம்பு போன்றவற்றில் அவ்வேறுபாடு கெடுதி விளைக்கும். எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்னும் இவ்வறிவு எந்நூலிலும் முழுமையாக எழுதப்படவில்லை. தொழில்நுட்பக் கல்லூரிகளும் பல்கலைக்கழகமும் அமைந்துள்ள இக்கரையோரத்தில் அதனைத் திரட்டி எழுதுதல் செய்யத்தக்க பணியாம். முதிய திருத்துநர் இருக்கும்போதே அது செய்யப்படல் வேண்டும்.

பேர்குசன் தோற்றுவித்த மும்முனைப் பிணைப்பு இன்று எவர்க்கும் தனியுடைமையன்று. அளவுகள் உலகப் பொது நியமமாகிவிட்டமையால், எக்கம்பனியின் கலப்பையும் அதே தரத்து எக்கம்பனியின் இயந்திரத்திலும் பூட்டப்படலாம். கருத்து பொதுவாயிற்று, பெயரோ இன்னும் வழக்குக்குரிய சொத்தாயிருக்கின்றது. மாசி பேர்குசன் என்னும் பெயரை 1994 இல் அமெரிக்காவின் அக்கோ கம்பனி விலைக்குப் பெற்றது. கொவென்றித் தொழிற்சாலையிலிருந்து கடைசி இயந்திரம் 2002 இன் இறுதியில் வெளிவந்தது. 2024 இல் அக்கோவுக்கும் சென்னைக் கம்பனிக்கும் இடையே அப்பெயரைப் பற்றிய பிணக்கு முற்றி, வழக்கு மன்றம் சென்றது. 2025 இல் ஏற்பட்ட இணக்கத்தின்படி இந்தியா, நேபாளம், பூட்டான் ஆகிய மூன்று நாடுகளில் அப்பெயர் சென்னைக் கம்பனியின் சொத்தாயிற்று. இலங்கை அம்மூன்றனுள் அடங்கவில்லை.